குறைய ஓடிய கார் ஏன் குலுங்குகிறது? மிஸ்ஸிங் தேடியவர்களின் வரலாறு

இன்று ஒரு கேள்வியோடு தொடங்குவோம்.

உங்கள் முன்னால் இரண்டு கார்கள் நிற்கின்றன. இரண்டும் ஒரே கம்பனி, ஒரே மாடல், பத்து வயது. முதலாவது 180,000 கிலோமீற்றர் ஓடிய கார். நேற்றும் வேலைக்குப் போய் வந்தது. இரண்டாவது 28,000 கிலோமீற்றர் மட்டுமே ஓடியது. ஆனால் கடைசி இரண்டு வருடங்களாகக் கராஜுக்குள் துணி போர்த்தி நிற்கிறது. உங்களுக்கு எது வேண்டும்?

பெரும்பாலானவர்கள் இரண்டாவதைத்தான் காட்டுவார்கள். "புதுசு மாதிரி" என்பார்கள். அதைக் கொண்டுவந்து ஸ்டார்ட் செய்தால், சில வேளை என்ஜின் குலுங்கும். மிதித்தால் இழுக்காது. டாஷ்போர்டில் என்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு கண் சிமிட்டும். எங்கள் ஊர் மெக்கானிக்குகள் இதற்கு ஒரே சொல்லில் பெயர் வைத்திருக்கிறார்கள்: "மிஸ்ஸிங்".

இவ்வளவு குறைவாக ஓடிய காருக்கு ஏன் இந்த நோய்? ஓடோமீற்றர் தூரத்தை மட்டும்தான் எண்ணும். நின்ற நாட்களை அது எண்ணுவதில்லை. காரின் வயிற்றில் இருக்கும் பெற்றோலும் பற்றறியும் ரப்பரும் அந்த நாட்களை விடாமல் எண்ணிக்கொண்டிருக்கும்.

வெளிநாட்டில் வளரும் பலருக்கு முதல் கார் குடும்பத்துக்குள்ளிருந்துதான் கிடைக்கிறது. அப்பப்பா ஓட்டுவதை நிறுத்தியிருப்பார். அல்லது மாமா ஆறு மாதம் ஊருக்குப் போனவர், இரண்டு வருடம் அங்கேயே நின்றிருப்பார். அப்படி ஒரு கார் உங்கள் கைக்கு வரும்போது, ஒரு மிஸ்ஸிங்கை எப்படித் தேடுவது என்று தெரிந்திருந்தால் நிறையப் பணம் மிஞ்சும். அந்தத் தேடலுக்கு 130 வருடங்களுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

மூன்று பொருட்கள், ஒரு நேரம்

முதலில் ஒரு சிலிண்டருக்குள் எட்டிப் பார்ப்போம். காற்றும் பெற்றோலும் கலந்து உள்ளே வருகின்றன. பிஸ்டன் மேலே வந்து அதை நெருக்குகிறது. ஸ்பார்க் பிளக் ஒரு பொறி விடுகிறது. கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. ஆகவே தேவை மூன்று: சரியான கலவை, போதிய நெருக்கம், பலமான பொறி. மூன்றும் சரியான நேரத்தில் சந்திக்க வேண்டும். ஒன்று தவறினாலும் அந்த முறை எரிப்பு நடக்காது. அதுதான் மிஸ்ஸிங்.

நான்கு சிலிண்டர் என்ஜின் ஒன்று சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 750 சுற்றுச் சுற்றுகிறது என்று வைப்போம். அப்படியென்றால் ஒரு செக்கனுக்கு 25 எரிப்புகள். ஒரு சிலிண்டர் படுத்துவிட்டால் ஒவ்வொரு செக்கனும் ஆறு தள்ளல்கள் காணாமல் போகின்றன. நான்கு பேர் தூக்கும் கட்டிலில் ஒருவர் மட்டும் கையை விட்டால் கட்டில் எப்படிச் சரியும்? என்ஜின் குலுங்குவதும் அப்படித்தான்.

1888: தொப்பி ஊசியும் கால்பட்டியும்

கதையின் முதல் ஆள் ஒரு பெண். கார்ல் பென்ஸ் ஜெர்மனியில் மோட்டார் வண்டி ஒன்றைக் கண்டுபிடித்து 1886இல் காப்புரிமை பெற்றார். ஆனால் அதை வாங்க ஆட்கள் வரவில்லை. அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், தன் சீதனப் பணத்தையே அந்த முயற்சியில் போட்டவர். 1888 ஆகஸ்டில் கணவருக்குச் சொல்லாமல், இரண்டு மகன்மாரையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைம் நகரிலிருந்து தன் தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அந்த வண்டியில் புறப்பட்டார். தூரம் 100 கிலோமீற்றருக்குச் சற்று மேல். அதற்கு முன் எவரும் மோட்டார் வண்டியில் அவ்வளவு தூரம் போனதில்லை.

வழியில் எரிபொருள் தீர்ந்தது. வீஸ்லொக் என்ற ஊரின் மருந்துக்கடையில் லிக்ரோயின் வாங்கி ஊற்றினார். அந்தக் காலத்தில் அது கறை நீக்கும் திரவம். எரிபொருள் குழாய் அடைத்தபோது தன் தொப்பி ஊசியால் குத்தி அடைப்பை எடுத்தார். பொறிக்கு மின்சாரம் கொண்டுபோகும் வயரின் உறை தேய்ந்தபோது, தன் காலுறையைப் பிடித்து நிற்கும் பட்டியைக் கழற்றி அதன் மேல் சுற்றினார் என்று அந்தப் பயணத்தின் கதை சொல்கிறது.

இதை ஒரு சாகசக் கதையாகத்தான் பலரும் சொல்வார்கள். அவர் என்ன செய்தார் என்று மெக்கானிக் கண்ணால் பாருங்கள். ஒருமுறை பெற்றோல் பக்கத்தைத் திருத்தினார். ஒருமுறை மின்சாரப் பக்கத்தைத் திருத்தினார். வண்டி நின்றால் முதலில் இந்த இரண்டில் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இன்றைக்கும் ஒரு நல்ல மெக்கானிக் தொடங்கும் இடம் அதுதான்.

1908: விரலால் அழுத்திப் பார்த்தவர்கள்

ஃபோர்ட் கம்பனியின் மாடல் ரி கார் 1908இல் வந்தது. 1927 வரைக்கும் 15 மில்லியனுக்கு மேல் செய்தார்கள். அதில் நான்கு சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக ஒரு கொயில். நான்கு சிறிய மரப்பெட்டிகளாக, ஓட்டுபவரின் கைக்கெட்டும் தூரத்தில் அவை இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு மெல்லிய உலோக நாக்கு. வேலை செய்யும்போது வண்டு போல இரையும்.

கார் மிஸ்ஸிங் அடித்தால் எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க அவர்களிடம் ஓர் அழகான வழி இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினில் அந்த நாக்குகளை விரலால் அழுத்தி அதிரவிடாமல் பிடிப்பார்கள். பிடித்தவுடன் அந்தச் சிலிண்டருக்குப் பொறி போகாது. என்ஜினின் சத்தம் இன்னும் மோசமானால், அது ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த சிலிண்டர். அழுத்தியும் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லையென்றால்? அதுதான் ஏற்கெனவே படுத்திருந்த சிலிண்டர்.

இதில் இருக்கும் யோசனையைக் கவனியுங்கள். வேலை செய்யாதவரைக் கண்டுபிடிக்க, ஒவ்வொருவரையும் மாறி மாறி நிறுத்திப் பார்க்கிறார்கள். யாரை நிறுத்தினால் ஒன்றும் குறையவில்லையோ அவர்தான் ஆள். நான் கணினித் துறையில் வேலை செய்கிறேன். பெரிய மென்பொருள் ஒன்றில் பிழை தேடும்போது நாங்களும் பகுதிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கிறோம். மாடல் ரி ஓட்டிய விவசாயிகள் அதை ஒரு விரலால் செய்தார்கள்.

அதே காலத்தில் சார்ல்ஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியியலாளர், ஒரே கொயிலைக் கொண்டு எல்லாச் சிலிண்டருக்கும் பொறி கொடுக்கும் பற்றறி இக்னிஷனைச் செய்தார். 1910ஆம் வருடக் கடிலாக் கார்களில் அது வந்தது. அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு உலகம் முழுவதும் கார்கள் அந்த முறையில்தான் ஓடின. மரப்பெட்டிகள் போய்விட்டன, யோசனை போகவில்லை. மெக்கானிக்குகள் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சத்தத்தைக் கேட்டார்கள்.

1942: கட்டைகளின் மேல் ஏறிய கார்கள்

இதுவரை பார்த்தது ஓடும் கார்களின் நோய். நிற்கும் கார்களின் நோயைப் பெருமளவில் பார்க்கும் வாய்ப்பை ஒரு யுத்தம் கொடுத்தது. பிரித்தானியாவில் 1939 செப்டம்பரில் பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது. 1942 யூலையில் சொந்தத் தேவைக்கான அடிப்படைப் பங்கும் நிறுத்தப்பட்டது. வைத்தியர்கள் போன்ற அவசியத் தேவை உள்ளவர்களுக்கு மட்டுமே பெற்றோல் கிடைத்தது. மற்றவர்களுடைய கார்கள் சக்கரம் நிலத்தில் படாமல் கட்டைகளின் மேல் ஏற்றி வைக்கப்பட்டன. 1945 யூனில் அந்தப் பங்கு திரும்பி வரும் வரைக்கும் ஏறக்குறைய மூன்று வருடங்கள் அப்படியே நின்ற கார்கள் பல.

மூன்று வருடத்தில் ஒரு கார் ஒரு மைலும் ஓடவில்லை. ஆனால் உள்ளே என்ன நடக்கும்?

பெற்றோல் ஒரே ஒரு திரவம் இல்லை. நூற்றுக்கணக்கான சேர்மங்களின் கலவை. அதில் மிக லேசானவை முதலில் ஆவியாகிப் போகும். குளிரில் என்ஜின் பற்றிக்கொள்ள உதவுபவையே அந்த லேசானவைதான். மிச்சம் இருப்பவை காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பசையாக மாறும். அந்தப் பசை காபரேற்றரின் நுண்ணிய துளைகளை அடைக்கும். வால்வுகளின் தண்டில் ஒட்டி அவற்றை இறுக்கும். சிலிண்டர்ச் சுவரில் இருந்த எண்ணெய்ப் படலம் வடிந்து கீழே போகும். ஈரக்காற்று அந்த இடத்தைப் பிடித்துத் துரு வைக்கும். பிஸ்டன் வளையங்கள் தம் பள்ளத்துக்குள் இறுகிப்போகும். மின்தொடுப்புகளில் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் படியும்.

மேலே சொன்ன மூன்றையும் நினைவு வைத்திருக்கிறீர்களா? கலவை, நெருக்கம், பொறி. சும்மா நிற்பது இந்த மூன்றையுமே தாக்குகிறது. ஓடித் தேய்ந்த காரில் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் முதலில் பழுதாகும். நின்ற காரில் மூன்று பக்கமும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகும். அதனால்தான் அதன் மிஸ்ஸிங்கைப் பிடிப்பது கடினம்.

1957: மண்ணுக்குள் வைத்த புதுக் கார்

ஓடவே ஓடாத கார் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்ட ஒரு நகரமும் உண்டு. அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் உள்ள ரல்சா. மாநிலத்தின் 50ஆவது ஆண்டைக் கொண்டாட, 1957 யூன் 15 அன்று ஒரு புத்தம் புதிய பிளிமத் பெல்வெடியர் காரை நீதிமன்றக் கட்டடத்தின் முன்னால் கொங்கிறீற் அறைக்குள் வைத்துப் புதைத்தார்கள். அணுகுண்டையும் தாங்கும் அறை என்று நம்பினார்கள். 2007இல் பெற்றோல் என்ற ஒன்றே இல்லாமல் போயிருக்கலாம் என்று யோசித்து, காரோடு பெற்றோலும் எண்ணெயும் கொள்கலன்களில் வைத்தார்கள். 50 வருடத்துக்குப் பிறகு ரல்சாவின் சனத்தொகை எவ்வளவு இருக்கும் என்று ஒரு போட்டி வைத்தார்கள். விடைக்கு மிகக் கிட்டச் சொன்னவருக்குக் கார் பரிசு.

2007 யூனில் திறந்தார்கள். அறைக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. காரைச் சுற்றிக் கட்டியிருந்த உறை அதைத் தடுக்கவில்லை. தங்க நிறமும் வெள்ளையும் பூசிய கார் மண்ணிறத் துருக் கூடாக வெளியே வந்தது. ஓடோமீற்றரைப் பார்த்தால் கடையில் நிற்கும் புதுக்கார். என்ஜினைச் சுற்றவே முடியவில்லை. போட்டியில் வென்றவர் 1979இலேயே இறந்துபோயிருந்ததால் பரிசு அவருடைய சகோதரிகளிடம் போனது.

"குறைய ஓடியது" என்ற சொல்லுக்கு இதைவிடப் பெரிய உதாரணம் இல்லை. ரல்சா மக்கள் இன்னொரு காரையும் இப்படி வைத்திருக்கிறார்கள். 1998இல் ஒரு பிளிமத் பிரவுலர் காரை 2048 வரைக்கும் வைக்க முடிவு செய்தபோது, நிலத்துக்கு மேலே அறை கட்டி அதற்குள் வைத்தார்கள்.

1990: மண்ணெண்ணெயில் ஓடிய யாழ்ப்பாணம்

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருவோம். 1990இல் யுத்தம் திரும்பத் தொடங்கியபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. இருந்த கொஞ்சப் பெற்றோல் எட்டாத விலைக்குப் போனது. ஆனால் கார்கள் முழுதாக நின்றுவிடவில்லை. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற 1950களின் பழைய பிரித்தானியக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின.

அது எப்படி முடிந்தது? மண்ணெண்ணெய் குளிரில் லேசில் ஆவியாகாது. அதனால் குளிர்ந்த என்ஜினை அதில் ஸ்டார்ட் செய்ய முடியாது. ஒரு சிறிய போத்தலில் மருந்து மாதிரிப் பாதுகாத்து வைத்திருக்கும் பெற்றோலில் கொஞ்சத்தைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்வார்கள். என்ஜின் சூடானபின் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். பழைய என்ஜின்களில் நெருக்க விகிதம் ஏறக்குறைய ஏழுக்கு ஒன்று. அதனால் மண்ணெண்ணெயைத் தாங்கின. இன்றைய கார்களில் அது பத்துக்கு ஒன்று அல்லது அதற்கும் மேல். அவற்றில் மண்ணெண்ணெய் ஊற்றினால் பொறி மூட்டிய தீ போய்ச் சேர்வதற்கு முன்பே கலவை தானாக வெடித்து என்ஜினை அடித்து நொறுக்கும்.

இதே தத்துவத்தில் பிரித்தானிய விவசாயிகளும் உழவு இயந்திரங்களை ஓட்டியிருக்கிறார்கள். பெர்கூசன் ரிஈ20 உழவு இயந்திரத்தில் ஒரு வகை, பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி, சூடானபின் மண்ணெண்ணெய் போன்ற மலிவான எண்ணெய்க்கு மாறும். அதற்கென்றே தொழிற்சாலை வடிவமைத்த இயந்திரம் அது. யாழ்ப்பாணத்தில் அதற்கென்று வடிவமைக்காத காரில் அதைச் செய்தார்கள்.

விலை இல்லாமல் இல்லை. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் பிளக்கின் முனையில் கரியாகப் படியும். கரி மின்சாரத்தைக் கடத்தும். அதனால் பொறி இடைவெளியைத் தாண்டாமல் கரிவழியே ஓடிவிடும். உடனே மிஸ்ஸிங். பிளக்கைக் கழற்று, சுரண்டு, திரும்பப் பூட்டு. எரியாத மண்ணெண்ணெய் வளையங்களைத் தாண்டி எண்ணெய்த் தொட்டிக்குள்ளும் வடியும். எண்ணெய் தண்ணீராகும், தேய்மானம் கூடும். புதுப் பிளக்கும் லேசில் கிடைக்காத ஊரில், கம்பியூட்டரும் கையேடும் இல்லாமல், அந்த மெக்கானிக்குகள் காதாலும் மூக்காலும் மிஸ்ஸிங் பிடித்தார்கள். கழற்றிய பிளக்கின் நிறத்தைப் பார்த்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொன்னார்கள். கறுத்து உலர்ந்திருந்தால் கலவையில் எரிபொருள் கூடிவிட்டது. நனைந்திருந்தால் பொறி இல்லை. வெளிறிச் சுட்டிருந்தால் எரிபொருள் போதவில்லை. இந்த வாசிப்பு இன்றைய காருக்கும் பொருந்தும்.

1996: காற்றுக்காக வந்த விளக்கு

இப்போது அந்த மஞ்சள் விளக்கு. அது ஓட்டுபவரின் வசதிக்காக வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது காற்றுக்காக வந்தது.

அமெரிக்காவில் 1975ஆம் வருட மாடல்கள் முதல் பெரும்பாலான கார்களின் புகைக்குழாயில் கற்றலிற்றிக் கொன்வேட்டர் பூட்டினார்கள். நச்சுப் புகையைச் சுத்தமாக்கும் பாகம் அது. மிஸ்ஸிங் அடிக்கும் என்ஜினிலிருந்து எரியாத பெற்றோல் அதற்குள் போய் அங்கே எரியும். அதிக சூட்டில் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உருகிவிடும். பாகம் விலை கூடியது. அது போனால் புகையும் நஞ்சு. ஆகவே மிஸ்ஸிங்கைக் கார் தானே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியாவின் காற்றுத் தர நிர்வாகம் விதி கொண்டுவந்தது. 1996 மாடல்கள் முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஓபிடி-2 என்ற அந்த முறை கட்டாயமானது. ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001இல் வந்தது.

கார் எப்படிக் கண்டுபிடிக்கிறது? கிறாங்க் தண்டோடு ஒரு பற்சக்கரம் சுற்றுகிறது. பல கார்களில் 60 பற்களுக்கான இடம் இருக்கும். அதில் இரண்டை அடையாளத்துக்காக வெட்டி எடுத்திருப்பார்கள். ஒவ்வொரு பல்லும் சென்சரைக் கடக்க எடுக்கும் நேரத்தைக் கம்பியூட்டர் அளக்கிறது. ஒரு சிலிண்டர் தள்ளாவிட்டால் அந்த நேரம் ஒரு துளி கூடும். எந்த இடத்தில் கூடியது என்பதிலிருந்து எந்தச் சிலிண்டர் என்று கணக்குப் போடுகிறது. மாடல் ரி ஓட்டியவர் காதால் கேட்ட அதே தளர்வைத்தான் இது பற்களை எண்ணிக் கேட்கிறது.

பிறகு ஒரு கோட் எழுதி வைக்கும். பீ0301 என்றால் முதலாம் சிலிண்டர், பீ0302 என்றால் இரண்டாவது. பீ0300 என்றால் ஒன்றில் நில்லாமல் பல சிலிண்டர்களில் மாறி மாறி வருகிறது. விளக்கு கண் சிமிட்டினால், கற்றலிற்றிக் கொன்வேட்டர் கெடும் அளவுக்கு மிஸ்ஸிங் இருக்கிறது என்று பொருள். அப்படி இருக்கும்போது காரை ஓட்டாதீர்கள்.

ஆனால் கோட் சொல்லும் செய்திக்கு ஓர் எல்லை உண்டு. எந்த வீட்டில் விளக்கு எரியவில்லை என்று அது சொல்லும். பல்ப் போனதா, வயர் அறுந்ததா, கரண்ட் கட்டா என்று சொல்லாது. கோட் வாசித்தவுடன் நான்கு கொயிலையும் நான்கு பிளக்கையும் மாற்றிவிடுகிறவர்கள் நிறையப் பேர். பணம் போகும், பழைய பெற்றோல் அப்படியே தாங்கிக்குள் இருக்கும், மிஸ்ஸிங்கும் இருக்கும்.

இன்று உங்கள் கையில் வந்த கார்

இந்த வரலாற்றை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தால், நீண்டகாலம் நின்ற காரை அணுகும் ஒழுங்கு தானாகவே வரும்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் பாருங்கள். பொனற்றைத் திறந்து எலி கூடு கட்டியிருக்கிறதா, வயர்களைக் கடித்திருக்கிறதா என்று தேடுங்கள். காற்று வடிகட்டிப் பெட்டியையும் திறந்து பாருங்கள். குளிர்காலத்தில் அது எலிக்கு நல்ல வீடு. எண்ணெய் அளவைப் பாருங்கள். பற்றறியை அளந்து பாருங்கள். நல்ல பற்றறி ஓய்வில் 12.6 வோல்ற் காட்டும். 12 வோல்ற்றுக்குக் கீழே போனதென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பலமில்லாத பற்றறி பொய்க் கோட்களை எழுத வைக்கும்.

அடுத்தது பெற்றோல். இன்று பல நாடுகளில் பெற்றோலில் 10% வரை எதனோல் கலக்கிறார்கள். எதனோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எதனோலும் சேர்ந்து பெற்றோலிலிருந்து பிரிந்து தாங்கியின் அடியில் போய் நிற்கும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். ஆகவே நீண்டகாலம் நின்ற என்ஜின் எழும்பியவுடன் குடிக்கும் முதல் வாயே மிக மோசமானது. பெற்றோல் ஒரு வருடத்துக்கு மேற்பட்டதென்றால், மெக்கானிக் ஒருவரைக் கொண்டு அதை வெளியே எடுத்துப் புதியதை ஊற்றுவது மேல். இதை நீங்களே வீட்டில் செய்ய வேண்டாம். பெற்றோல் ஆவி ஆபத்தானது.

பிறகு ஸ்டார்ட் செய்து கோட் வாசியுங்கள். மூடிய கராஜுக்குள் வேண்டாம். காபன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை, ஆளைக் கொல்லும். பீ0300 வந்தால் எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவானவற்றைச் சந்தேகியுங்கள்: பெற்றோல், பம்பின் அழுத்தம், காற்றுக் கசிவு, பற்றறி. கூடவே பீ0171 வந்தால், கலவையில் காற்றுக்கு ஏற்ற பெற்றோல் இல்லை என்று அர்த்தம். பசை அடைத்த இன்ஜெக்டர்களோ வெடித்த ரப்பர்க் குழாயோ காரணமாகலாம்.

பீ0302 மட்டும் வந்தால் அந்தச் சிலிண்டருக்குச் சொந்தமானவற்றைச் சந்தேகியுங்கள். என்ஜினை நிறுத்தி, இரண்டாம் சிலிண்டரின் கொயிலை மூன்றாவதற்கும் மூன்றாவதன் கொயிலை இரண்டாவதற்கும் மாற்றுங்கள். கோட்டை அழித்துத் திரும்ப ஸ்டார்ட் செய்யுங்கள். இப்போது பீ0303 வந்தால் குற்றவாளி கொயில். ஒரு கொயில் வாங்கினால் போதும். பீ0302 அங்கேயே நின்றால் கொயில் நல்லது. அடுத்து பிளக்கை அதேபோல மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று ஒருநாளும் தெரியாது. ஓடும் என்ஜினில் கையால் கொயிலைக் கழற்றாதீர்கள். பல்லாயிரம் வோல்ற் இருக்கும் இடம் அது.

இவை எல்லாம் நல்லதென்றால் மிச்சம் நெருக்கம். மெக்கானிக் ஒரு மானியைப் பூட்டி ஒவ்வொரு சிலிண்டரின் நெருக்கத்தையும் அளப்பார். ஒன்றில் மட்டும் குறைந்தால், அதற்குள் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுத் திரும்ப அளப்பார். நெருக்கம் கூடினால் வளையம் இறுகியிருக்கிறது. எண்ணெய் அந்த இடைவெளியை அடைத்துவிட்டது. கூடாவிட்டால் பெரும்பாலும் வால்வு.

காரை நிறுத்தி வைக்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவது நல்லது என்று பலர் நம்புகிறார்கள். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக உண்டாகும். என்ஜின் முழுதாகச் சூடாகாமல் நிறுத்தினால் அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். ஐந்து நிமிடம் நான்கு முறை ஓட்டுவதைவிட, மாதம் ஒருமுறை அரை மணித்தியாலம் நெடுஞ்சாலையில் ஓட்டுவது காருக்கு நல்லது.

கருவிகள் மாறிவிட்டன. தொப்பி ஊசி, விரல், காது, பற்களை எண்ணும் கம்பியூட்டர். கேள்வி மாறவில்லை: பெற்றோலா, பொறியா, நெருக்கமா? ஒவ்வொன்றாக நிறுத்திப் பார், எது குறைகிறது?

அடுத்தமுறை குடும்ப விருந்துக்குப் போகும்போது, யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் அல்லது மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இருந்தால், எத்தனை துளி பெற்றோலில் ஸ்டார்ட் வந்தது, பிளக் எத்தனை நாளைக்கு ஒருமுறை கரி பிடித்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். அந்தக் கணக்கு எந்தக் கார்க் கம்பனியின் கையேட்டிலும் இல்லை.